காளான் பையில் சுண்ணாம்பு, இழை நுனியில் கல்சியம்

திருகோணமலைப் பக்கம் காளான் வளர்ப்பவர்களிடம் பைக் கலவையைக் கேட்டால் ஏறத்தாழ ஒரே விடைதான் வரும். மரத்தூள் 100 கிலோ, தவிடு 10 கிலோ, சோயா மா அல்லது பயற்றம் மா 1 கிலோ, கல்சியம் காபனேற்று 2 கிலோ, மகனீசியம் சல்பேற்று 200 கிராம். தவிடு எதற்கு, மா எதற்கு என்றால் உடனே விளக்கம் கிடைக்கும். சுண்ணாம்பு எதற்கு என்றால் "புளிப்பை எடுக்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதி தெரியாததால்தான் "இரண்டு கிலோ நல்லதென்றால் நான்கு கிலோ இன்னும் நல்லது" என்று சிலர் அள்ளிக் கொட்டுகிறார்கள். இன்னும் சிலர், கடையில் எது கிடைக்கிறதோ அந்த வெள்ளைத் தூளைப் போட்டுவிட்டு, பூசணவலை (காளான் இழைகள் பின்னிய வெள்ளை வலை) ஏன் நகரவில்லை என்று விதையைக் குறை சொல்கிறார்கள்.

தழைச்சத்தைக் கணக்குப் பார்ப்பதுபோல் பங்கசுக்குக் கல்சியத்தைக் கணக்குப் பார்க்க முடியாது. கல்சியத்தைத் தின்று அது உடம்பை வளர்ப்பதில்லை. எங்கே வளர்வது, எப்போது கிளைப்பது, வெயில் ஏறினால் சுவரை எப்படித் தடிப்பாக்குவது என்ற செய்திகளைக் கலத்துக்குள் கொண்டு செல்வதற்கே அதைப் பயன்படுத்துகிறது. செய்திக்கு வேண்டிய அளவு மிகச் சிறிது.

எவ்வளவு சிறிது என்பதை நமது பையிலேயே கணக்குப் பார்க்கலாம். மேலே சொன்ன கலவையின் உலர்நிறை ஏறத்தாழ 113 கிலோ. ஈரப்பதனை 62 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளே 185 லீற்றர் நீர் நிற்கும். 2 கிலோ காபனேற்றில் கல்சியம் 800 கிராம், அதாவது 20 மோல். முழுவதும் கரைந்தால் லீற்றருக்கு 108 மில்லிமோல் வரும். உப்புவெளிக் கடல்நீரை அள்ளிப் பார்த்தாலும் அதில் கல்சியம் சுமார் 10 மில்லிமோல்தான். ஆனால் காபனேற்று அப்படிக் கரைவதில்லை. சாதாரணக் காற்றோடு தொடுகையில் இருக்கும் நீரில் அரை மில்லிமோல் அளவே கரையும். பூசணவலை ஓடத் தொடங்கி, பைக்குள் காபனீரொட்சைட்டு 10 சதவீதத்தை எட்டினால் 4 மில்லிமோல் வரை ஏறும். இழைகள் அமிலம் சுரக்கும் இடங்களில் இன்னும் கொஞ்சம் கரையும். மிகுதியெல்லாம் தூளாகவே கிடக்கும். ஆக, இழையைச் சுற்றியுள்ள நீரில் கல்சியம் சில மில்லிமோல் இருக்கிறது.

இழைக்குள்ளே? குழியவுருவில் சுயாதீனமாகத் திரியும் கல்சியம் சுமார் 100 நானோமோல். வெளியே 1 மில்லிமோல் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் வெளியுள்ளது உள்ளதைவிட 10,000 மடங்கு. அதற்கு மேல் மென்சவ்வின் உட்பக்கம் மறை ஏற்றம் கொண்டது. ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படும் நியூரோஸ்போரா என்ற பங்கசில் இது 200 மில்லிவோல்ற்று வரை போகும். இரட்டை நேர் ஏற்றமுள்ள கல்சியம் அயனைச் செறிவு வித்தியாசமும் உள்ளே தள்ளுகிறது, மின்னும் உள்ளே இழுக்கிறது. ஓட்டை வள்ளத்தில் இருப்பவர் ஓயாமல் நீர் இறைப்பதுபோல, கலம் வாழ்நாள் முழுக்கக் கல்சியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு செலவு செய்து ஏன் வெளியேற்ற வேண்டும் என்பதற்கு விடை பொசுபேற்றில் இருக்கிறது. கலத்தின் சக்தி நாணயமான ஏரீபீ முதல் பரம்பரைப் பதார்த்தம் வரை எல்லாம் பொசுபேற்றில் ஓடுபவை. கல்சியமும் பொசுபேற்றும் தாராளமாகச் சந்தித்தால் வீழ்படிவாகிவிடும். ஆகவே கல்சியத்தைத் தாழ்வாக வைத்திருப்பது உயிர் பிழைக்கும் வழி. அப்படித் தாழ்வாக வைத்திருப்பதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. 100 நானோமோல் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கால்வாய் கண நேரம் திறந்தாலே செறிவு பல மடங்கு உயர்ந்துவிடும். பின்னணி அமைதியாக இருப்பதால் சிறு ஒலியும் தெளிவாகக் கேட்கிறது. மகனீசியத்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அது குழியவுருவில் எப்போதும் மில்லிமோல் அளவுக்கு நிறைந்தே நிற்கிறது. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது.

வெளியேற்றும் வேலையை நன்றாகப் பார்த்தது மதுவத்தில்தான். கலத்தின் களஞ்சியப் பையான புன்வெற்றிடத்தின் சவ்வில் பீஎம்சி1 என்ற பம்பி ஏரீபீயைச் செலவழித்துக் கல்சியத்தை உள்ளே அடைக்கிறது. அதே சவ்வில் வீசிஎக்ஸ்1 என்பது, உள்ளிருந்து ஐதரசன் அயன்களை வெளியே விட்டு அவற்றுக்குப் பதிலாகக் கல்சியத்தை உள்ளே எடுக்கிறது. கொல்கி உபகரணத்தில் பீஎம்ஆர்1 நிற்கிறது. அது கல்சியத்தோடு மங்கனீசையும் ஏற்றும். கலத்தில் உள்ள கல்சியத்தில் பெரும்பங்கு புன்வெற்றிடத்தில் பல்பொசுபேற்றோடு கட்டுண்டு கிடக்கிறது. உள்ளே வரும் வழிகளில் முக்கியமானது முதலுருமென்சவ்வில் உள்ள சிசிஎச்1, மிட்1 என்ற இரண்டும் சேர்ந்த கால்வாய். புன்வெற்றிடத்திலிருந்து திரும்ப வெளியே விடுவதற்கு வைவிசி1. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வரும் வழிகள் குறைவு, வெளியேற்றும் வழிகள் பல, வெளியேற்றும் ஒவ்வொன்றுக்கும் சக்தி செலவாகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். சுண்ணாம்பைக் கூட்டினால் வளர்ச்சி கூடாததற்குக் காரணம் இதற்குள்ளேயே இருக்கிறது.

நுனியில் நடப்பது

பங்கசு இழை நுனியில் மட்டுமே நீளும். பின்னால் உள்ள சுவர் இறுகிப்போனது. நுனியின் சில மைக்ரோமீற்றர் மட்டும் மென்மையானது. சுவர் கட்டுவதற்கான பொருட்களும் நொதியங்களும் சிறு பைகளில் அடைக்கப்பட்டு நுனிக்கு வந்து அங்கே மென்சவ்வோடு கலக்கின்றன. நுனிக்குச் சற்றுப் பின்னே அந்தப் பைகள் குவிந்து நிற்கும் திரட்சியை நல்ல நுணுக்குக்காட்டியில் இருண்ட பொட்டாகப் பார்க்கலாம். இழை திரும்பப் போகும் பக்கத்துக்கு அந்தப் பொட்டு முதலில் நகரும்.

கல்சியமும் நுனியில்தான் உச்சம். நுனியிலிருந்து சில மைக்ரோமீற்றர் பின்னே போனால் செறிவு சரிந்துவிடும். இந்தச் சரிவைக் குலைத்தால் வளர்ச்சி நின்றுவிடும். இதில் பலர் தவறாக எழுதும் இடம் ஒன்றுண்டு. மகரந்தக் குழாயில் நுனிக் கல்சியம் வெளியிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. சப்ரோலெக்னியா போன்ற நீர்ப் பூஞ்சண வகையிலும் மென்சவ்வு இழுபடும்போது திறக்கும் கால்வாய்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் சப்ரோலெக்னியா உண்மையான பங்கசு அல்ல. உண்மையான பங்கசான நியூரோஸ்போரா கிராசாவில் லோரலை சில்வர்மன்-கவ்ரிலாவும் ரோஜர் லியூவும் 2000ஆம் ஆண்டை ஒட்டிச் செய்த ஆய்வுகள் வேறு படத்தைக் காட்டின. அங்கே நுனியின் மென்சவ்வு இழுபடும்போது பொசுபோலிப்பேஸ் சீ என்ற நொதியம் தூண்டப்படுகிறது. அது ஐபீ3 என்ற சிறு மூலக்கூறை விடுவிக்கிறது. அந்த மூலக்கூறு, நுனிக்கு வந்து நிற்கும் சிறு பைகளிலிருந்தே கல்சியத்தைத் திறந்துவிடுகிறது. அதாவது கல்சியத்தின் பெரும்பங்கு உள்ளிருப்பிலிருந்து வருகிறது. இது நமக்கும் உதவும் செய்தி. இழை நீள்வதற்கு வெளி நீரில் கல்சியம் பொங்கி வழியத் தேவையில்லை. உள்ளிருப்பை நிரப்பும் அளவுக்கு இருந்தால் போதும்.

வளர்ச்சி ஒரே சீராக நடப்பதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும். 2017இல் நோரியோ தகெசிட்டா, ரெய்ன்ஹார்ட் பிஷர் குழுவினர் அஸ்பர்ஜிலஸ் நிடுலான்சில் கல்சியத்தோடு சேர்ந்தால் ஒளிரும் புரதத்தை வைத்துப் பார்த்தபோது, நுனி படிபடியாக நீள்வது தெரிந்தது. முதலில் அக்ற்றின் என்ற புரத இழைகள் நுனியில் கட்டப்பட்டுப் பைகள் குவிகின்றன. பிறகு கல்சியம் ஒரு துடிப்பாக எழுகிறது. அந்தத் துடிப்பில் அக்ற்றின் கலைகிறது, குவிந்த பைகள் மென்சவ்வோடு கலக்கின்றன, நுனி ஓரடி முன்னேறுகிறது. கல்சியம் விழுந்ததும் மறுபடி அக்ற்றின் கட்டப்படுகிறது. சில பத்துச் செக்கன்களுக்கு ஒருமுறை இது திரும்பத் திரும்ப நடக்கிறது. சிசிஎச், மிட் கால்வாய்ப் பரம்பரையலகுகளை நீக்கினால் துடிப்பும் வளர்ச்சியும் குறைகின்றன. உள்ளிருப்பு, வெளிவரவு இரண்டில் எது கூடுதலாக வேலை செய்யும் என்பது பங்கசுக்குப் பங்கசு மாறும் என்றே இவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

துடிப்பு என்றால் எழுந்தது விழவும் வேண்டும். கல்சியம் எப்போதும் உயர்ந்தே நின்றால் அக்ற்றின் கட்டப்படாது. வெளியேற்றும் பம்பிகள் இல்லாமல் வளர்ச்சி இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

செய்தியைப் படிக்கும் புரதங்கள்

கல்சியம் எழுந்ததை முதலில் அறிவது கல்மொடியூலின் என்ற சிறு புரதம். அதில் கல்சியம் உட்காரும் இடங்கள் நான்கு. மதுவத்தில் மூன்றே வேலை செய்யும். கல்சியம் உட்கார்ந்ததும் வடிவம் மாறி மற்றப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபடுபவற்றில் நமக்கு முக்கியமானது கல்சிநியூரின். அது புரதங்களிலிருந்து பொசுபேற்றைக் கழற்றும் நொதியம். மதுவத்தில் அது கிரிஸ்1 என்ற புரதத்தின் பொசுபேற்றைக் கழற்றினால், கிரிஸ்1 கருவுக்குள் போய்ச் சுவர் கட்டும் பரம்பரையலகுகளையும், முன்னே சொன்ன பீஎம்சி1, பீஎம்ஆர்1 பம்பிகளின் பரம்பரையலகுகளையும் இயக்கும். கல்சியம் வந்து, கல்சியத்தை வெளியேற்றும் பம்பிகளையே கூட்டிவிடுகிறது. எலோவிற்சின் ஆய்வுகூடம் 2008இல் காட்டியது இன்னும் நுட்பமானது: வெளிக் கல்சியம் கூடும்போது கிரிஸ்1 கருவுக்குள் அதிக நேரம் தங்குவதில்லை; அடிக்கடி போய்வருகிறது. செய்தியின் பலம் எத்தனை தடவை என்பதில் இருக்கிறது.

நியூரோஸ்போராவில் கல்சிநியூரினைக் குறைத்தால் இழை முதலில் கண்டபடி கிளைவிடும், நுனிக் கல்சியச் சரிவு மறையும், பிறகு வளர்ச்சி நிற்கும். அஸ்பர்ஜிலஸ் பியூமிகேற்றசில் கல்சிநியூரின் இல்லாத வகை, மழுங்கிய, குட்டையான இழைகளோடு சிறு வட்டமாகவே நிற்கும். மியூக்கர் சர்சினெலொயிடிசில் கல்சிநியூரினைத் தடுத்தால் இழையாகவே மாறாமல் மதுவம் போன்ற உருண்டைக் கலங்களாக நின்றுவிடும். பெனிசிலியம் நொட்டாற்றத்தில் கதை வேறு திசையில் போகிறது: திரவ ஊடகத்தில் அமிழ்ந்திருக்கும்போது சாதாரணமாக வித்தி வைக்காத அது, சில மில்லிமோல் கல்சியம் சேர்த்தால் வித்தி வைக்கத் தொடங்கும். ஒரே அயன்தான், எந்தக் கலத்தில், எந்த வேளையில் வருகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

கல்சிநியூரினைத் தடுக்கும் இரண்டு மருந்துகளையும் மருத்துவம் நன்கு அறியும். சைக்ளோஸ்போரின், நோர்வே மண்ணில் கண்ட ரொலிபொக்ளேடியம் இன்பிளாற்றம் என்ற பங்கசு தானே செய்யும் பொருள். டக்ரோலிமஸ், ஜப்பானின் சுக்குபா மண்ணிலிருந்து எடுத்த ஸ்ரெப்ரோமைசிஸ் பற்றீரியா தருவது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் இவையே. மண்ணில் இவை எதற்கு என்று யோசித்தால், பக்கத்தில் வளரும் பங்கசின் கல்சியச் செய்தியை அறுப்பதற்கு என்பது பொருத்தமான விளக்கமாகவே எனக்குப் படுகிறது.

கச்சான் மாதங்கள்

வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் நமது பக்கம் பகல் வெப்பம் 34, 35 பாகை சாதாரணம். பைக்குள் பூசணவலை தானே வெப்பம் விடுவதால் நடுப்பகுதி அறையைவிட இரண்டு மூன்று பாகை கூடவே இருக்கும். சிப்பிக் காளானின் இழை 25 முதல் 28 பாகையில் நன்றாக ஓடும். 35க்கு மேல் தளரும். 40ஐத் தொட்டால் சேதம்.

வெப்பம் கலச்சுவரையும் மென்சவ்வையும் தளர்த்துகிறது. கால்வாய் திறந்து கல்சியம் நுழைகிறது, கல்சிநியூரின் எழுகிறது, சுவரைப் பலப்படுத்தும் வேலை தொடங்குகிறது. மதுவத்தில் சுவரின் குளுக்கனைக் கட்டும் எஃப்கேஎஸ்2 பரம்பரையலகு வெப்பத்தில் இயங்குவது இந்த வழியாகத்தான். கிரிப்ரொகொக்கஸ் நியோபோமன்சில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 1997இல் வெளியான ஆய்வின்படி, கல்சிநியூரின் இல்லாத வகை 24 பாகையில் நன்றாக வளரும். 37 பாகையில் வளரவே வளராது. மனித உடலில் நோய் உண்டாக்கும் ஆற்றலையும் அதனோடு இழந்துவிடும். காளான் வகையில், கானோடெர்மா லூசிடத்தில் வெப்ப அதிர்ச்சி கொடுத்தபோது குழியவுருக் கல்சியம் உயர்வதும், வளர்ச்சி, கிளைவிடல், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், கானோடெரிக் அமில உற்பத்தி எல்லாம் அந்தக் கல்சியத்தின் வழியே மாறுவதும் 2016இல் காட்டப்பட்டது.

அப்படியென்றால் கச்சானில் சுண்ணாம்பைக் கூட்டிப் போட்டால் பை தாங்குமா? தாங்காது. வெளிநீரில் ஏற்கெனவே 10,000 மடங்குக்கு மேல் இருக்கிறது. இன்னும் கூட்டுவதால் செய்தி பலமடைவதில்லை. வெப்பத்தில் நலிந்த கலத்துக்கு வெளியேற்றும் செலவுதான் கூடும். செய்ய வேண்டியது வேறு: பைகளை அடுக்காமல் பைக்குப் பை நான்கு விரல் இடைவெளி விடுவது, கிடுகுக் கூரைக்குக் கீழே இன்னொரு தட்டு, மேற்குப் பக்கம் நனைத்த சாக்கு, வெப்பமானியை அறைச் சுவரில் தொங்கவிடாமல் ஒரு பையின் நடுவில் குத்தி வைப்பது. அதற்கும் அடங்காவிட்டால் அந்த மாதங்களில் 30 முதல் 35 பாகையை விரும்பும் பால் காளானுக்கு மாறுவதே புத்தி. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் அறுவடை முடிந்ததும் வைக்கோல் கிடைக்கும்; வைக்கோல் காளானும் அந்தச் சூட்டில் வரும்.

எந்தச் சுண்ணாம்பு

கடையில் "சுண்ணாம்பு" என்று கேட்டால் நான்கு வெவ்வேறு பொருட்கள் வரலாம். நிறையத் தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன.

கல்சியம் காபனேற்றுத் தூளில் கல்சியம் 40 சதவீதம். மெல்லக் கரையும்; அமிலம் உருவாக உருவாகத் தானாகவே கரைந்து அதை நடுநிலையாக்கும். மரத்தூள் பைக்கு இதுவே சரி. டொலமைற்று தென்னைக்குப் போடவென்று எங்கும் கிடைக்கிறது; அதில் கல்சியம் 22, மகனீசியம் 13 சதவீதம். காபனேற்றுக்குப் பதில் அதைப் போடுபவர் மகனீசியம் சல்பேற்றையும் வழக்கம்போல் சேர்த்தால் மகனீசியம் தேவைக்கு மேல் ஏறிவிடும். அது கரைவதும் காபனேற்றைவிட மெதுவாக. புளிப்பு எடுபடாமல் பச்சைப் பூஞ்சணத்துக்கு வழி திறக்கும். ஜிப்சம் என்ற கல்சியம் சல்பேற்றில் கல்சியம் 23 சதவீதம். லீற்றருக்கு 2 கிராமுக்குச் சற்றுக் கூடக் கரைந்து 15 மில்லிமோல் கல்சியம் தரும், ஆனால் பீ.எச். பெறுமானத்தை அசைக்காது. கலவை கட்டிபடாமல் உதிரியாக நிற்கவும் உதவும். வைக்கோல் கலவைக்கும் விதைத் தானியத்துக்கும் இது நல்லது. புளிப்பெடுக்கப் போட்டால் பயனில்லை.

ஆபத்தானது நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் பூசும் அதே பொருள்தான். அதன் தெளிநீரின் பீ.எச். 12க்கு மேல். 100 கிலோ தூளுக்கு 2 கிலோ போட்டால் கலவை கடும் காரமாகிவிடும். தவிட்டின் புரதம் சிதைந்து அமோனியா மணம் எழும். பையைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி வந்தால் விதை போடவே வேண்டாம். இழையில் கல்சியத்தைப் புன்வெற்றிடத்துக்குள் தள்ளும் வழிகளில் ஒன்று ஐதரசன் அயன் வித்தியாசத்தில் ஓடுகிறது என்று மேலே பார்த்தோம். மென்சவ்வின் மின்னழுத்தமும் ஐதரசன் அயன்களை வெளியே தள்ளித்தான் கட்டப்படுகிறது. வெளியே கடும் காரம் என்றால் அந்த ஏற்பாடு முழுவதும் நெருக்கடிக்குள்ளாகும்.

எது எது என்று வீட்டிலேயே பிரிக்கலாம். ஒரு கரண்டித் தூளில் வினாகிரி விட்டால் காபனேற்று உடனே நுரைத்துப் பொங்கும். டொலமைற்று மெதுவாக, சூடாக்கினால் கொஞ்சம் வேகமாக நுரைக்கும். ஜிப்சம் நுரைக்காது. புதிய நீற்றிய சுண்ணாம்பும் நுரைக்காது. இந்த இரண்டையும் பிரிக்க நீரில் கலக்கிப் பீ.எச். தாள் நனைத்தால் ஜிப்சம் 7 அளவில் நிற்கும், நீற்றிய சுண்ணாம்பு 12ஐக் காட்டும். திறந்த சாக்கில் மாதக்கணக்காகக் கிடந்த நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கி மேற்பரப்பில் காபனேற்றாகியிருக்கும். ஆகவே மேலே அள்ளிய கரண்டி நுரைத்தது என்று நம்பிவிடாமல் சாக்கின் நடுவிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

கலக்கும்போது காபனேற்றைத் தவிட்டோடு உலர்வாகவே முதலில் பிரட்டிவிட்டுப் பிறகு தூளில் சேர்க்க வேண்டும். நேரே ஈரத்தூளில் கொட்டினால் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகளாக நின்றுவிடும். மகனீசியம் சல்பேற்றை நீரில் கரைத்துத் தெளிப்பது நல்லது. கைப்பிடி கலவையை இறுக்கிப் பிழிந்தால் விரலிடையில் ஈரம் பளபளக்க வேண்டும், சொட்டக் கூடாது. அவித்தபின் ஒரு பையைப் பலி கொடுத்து 10 கிராம் எடுத்து 50 மில்லிலீற்றர் வடிநீரில் ஊறவைத்துப் பீ.எச். பார்க்கலாம், 6.5 முதல் 7.5க்குள் இருந்தால் விதை போடலாம். பூசணவலை ஓடி முடியும்போது அது 5ஐ அண்மித்து விழுந்திருக்கும். இழை சுரக்கும் ஒட்சாலிக் அமிலம் அதற்கு முக்கிய காரணம். அந்த ஒட்சலேற்று கல்சியத்தைக் கண்டால் கரையாத பளிங்காகிவிடும். பூசணவலையில் கொஞ்சம் எடுத்து 400 மடங்கில் பார்த்தால் இழைகளின் மேல் ஊசியாகவும் சதுரக் கூம்பாகவும் ஒட்டிக்கொண்டிருக்கும். இழை தன்னைச் சுற்றியுள்ள சுயாதீன கல்சியத்தைத் தானே கட்டுப்படுத்தும் இன்னொரு வழி அது. நோய் என்று பயப்பட வேண்டாம்.

நியூரோஸ்போராவைப் பற்றி ஒன்று. கல்சிய ஆய்வில் இத்தனை தடவை வரும் அந்தப் பங்கசு நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். பையின் பஞ்சு வாயில் ஒரே இரவில் செம்மஞ்சள் மாவாகப் பொங்கி வருவது அதன் இனம். அதன் பாலியல் வித்திகள் 60 பாகையில் அரை மணி நேரம் சூடானால்தான் விழித்து முளைக்கும். அரைகுறையாக அவித்த பையில் அது செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பரலில் நீர் கொதித்து ஆவி சீராக வரத் தொடங்கியபின்தான் நேரத்தை எண்ண வேண்டும். தவிடு கூடிய பைக்கு மூன்று மணி நேரத்தோடு நிறுத்துவதை நான் ஏற்பதில்லை, ஆறு மணி நேரம் வேண்டும். செம்மஞ்சள் கண்ட பையை அசைக்கும் முன் ஈரத்துணியால் வாயை மூடி, கொட்டிலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும். ஒரு தடவை உதறினாலே கொட்டில் முழுக்கப் பரவிவிடும்.

தட்டில் சோதிப்பவர்களுக்கு

நிலாவெளி கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாக மாணவர்களோ, உயர்தர உயிரியல் படிப்பவர்களோ இதைச் செய்து பார்க்க விரும்பினால் பெரிய கருவி தேவையில்லை. ஆனால் சில இடங்களில் வழுக்கும்.

உருளைக்கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ரோஸ் 20 கிராம், ஏகார் 15 கிராம், ஒரு லீற்றருக்கு. 121 பாகையில் 15 நிமிடம். கல்சியம் குளோரைட்டை இதில் சேர்த்து அவிக்கக் கூடாது. கிழங்கிலுள்ள பொசுபேற்றோடு சூட்டில் வீழ்படிவாகிவிடும். இருநீரேற்றுக் கல்சியம் குளோரைட்டு 14.7 கிராமை 100 மில்லிலீற்றரில் கரைத்தால் 1 மோல் கரைசல். அதைத் தனியே கிருமி நீக்கி, ஊடகம் 55 பாகைக்கு ஆறியபின் சேர்க்க வேண்டும். 500 மில்லிலீற்றருக்கு 5 மில்லிலீற்றர் விட்டால் 10 மில்லிமோல். 25 விட்டால் 50 மில்லிமோல். எல்லாப் போத்தல்களிலும் ஊடகத்தை 475 மில்லிலீற்றருக்கே காய்ச்சி, குறைவைக் கிருமி நீக்கிய நீரால் நிரப்பினால்தான் ஏகாரின் இறுக்கம் ஒன்றாக இருக்கும். 50 மில்லிமோல் கல்சியம் குளோரைட்டு பிரசாரண அமுக்கத்தையும் கூட்டுகிறது. அதைப் பிரித்தறிய 75 மில்லிமோல் பொற்றாசியம் குளோரைட்டு, அதாவது 500 மில்லிலீற்றருக்கு 2.8 கிராம், சேர்த்த தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

கல்சியத்தைக் குறைக்க, அதைப் பிடித்துவைக்கும் ஈ.ஜி.ரீ.ஏ. என்ற பொருளைச் சேர்ப்பது வழக்கம். இங்கேதான் பெரும்பாலான பரிசோதனைகள் பொய்த்துப்போகின்றன. கிழங்கு ஏகாரின் பீ.எச். 5.6. ஈ.ஜி.ரீ.ஏ. கல்சியத்தைப் பிடிக்கும் பலம் பீ.எச். ஓர் அலகு குறையும்போது ஏறத்தாழ 100 மடங்கு தளரும். 5.6இல் அது பேருக்குத்தான் இருக்கும். போதாததற்கு, கல்சியத்தைப் பிடிக்கும்போது ஈ.ஜி.ரீ.ஏ. ஐதரசன் அயன்களை வெளிவிட்டு ஊடகத்தை மேலும் புளிப்பாக்கும். ஆகவே 50 மில்லிமோல் மொப்ஸ் தாங்கற் கரைசலால் பீ.எச். 7இல் நிறுத்தி, ஈ.ஜி.ரீ.ஏ. இல்லாத தட்டையும் அதே தாங்கலில் ஊற்ற வேண்டும். ஈ.ஜி.ரீ.ஏ. நாகத்தையும் மங்கனீசையும்கூடப் பிடிக்கும். அதனால் ஈ.ஜி.ரீ.ஏ.யும் அதே மோல் அளவு கல்சியமும் சேர்த்த தட்டு ஒன்று வேண்டும். அதில் வளர்ச்சி மீளாவிட்டால் நீங்கள் பார்த்தது கல்சியக் குறைவு அல்ல.

சிப்பிக் காளான் இழையை வளர்ந்த தட்டின் விளிம்பிலிருந்து 5 மில்லிமீற்றர் வட்டமாக வெட்டி நடுவில் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் இரண்டு குறுக்குத் திசைகளில் விட்டத்தை அளந்து, 5 மில்லிமீற்றரைக் கழித்துச் சராசரி எடுங்கள். நியூரோஸ்போராவை இதற்குக் கொண்டுவர வேண்டாம்; ஒரே நாளில் தட்டைக் கடந்துவிடும், காளான் கொட்டிலுக்கும் அது எதிரி.

விட்டம் மட்டும் போதாது. நீட்சி சற்றே குறைந்து கிளைகள் இரட்டித்த தட்டும், எல்லாமே சோம்பிய தட்டும் அளவுகோலில் ஒரே எண்ணைத் தரலாம். முதலாவது கல்சியச் செய்தி குலைந்ததன் அடையாளம், இரண்டாவது வெறும் நலிவு. வட்டத்தின் விளிம்பிலிருந்து மெல்லிய ஏகார்த் துண்டொன்றை வெட்டி, மூடித்தகடு வைத்து 100 மடங்கில் பாருங்கள். நுனியிலிருந்து முதற் கிளை வரையுள்ள தூரத்தைத் தட்டுக்கு 30 இழைகளிலாவது அளந்து, நுனி கூராக இருக்கிறதா, உப்பி மழுங்கியிருக்கிறதா என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மூடித்தகட்டை அழுத்த வேண்டாம். தொட்டு அழுத்தினாலே நுனியின் கல்சியம் எழுந்து, வளர்ச்சி சில நிமிடம் நிற்கும். படம் எடுப்பவர்கள் தகடு வைத்தபின் கால் மணி நேரமாவது விட்டு எடுக்க வேண்டும்.